பழைய பாய்மரப் படகுக்குப் புதுக் கம்பி, புதுப் பாய்: மலையகத்திலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு ஹட்டனுக்கும் நோர்வூட்டுக்கும் நடுவில், தேயிலைச் சரிவில் இருக்கிறது. படகு நிற்பது திருகோணமலையில். 1979-ல் கட்டிய 28 அடி பைபர்கிளாஸ் படகு. ஒரு பாய்மரம், பெரிய பாய் ஒன்று, முன்பாய் ஒன்று. திருகோணமலையில் கல்யாணம் கட்டிக் குடியிருக்கும் மச்சானும் நானும் பாதிக்குப் பாதி போட்டு வாங்கினோம். ஆறு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்பித்து வருகிறோம். மாலைதீவிலும் வளைகுடாவிலும் படகுத்துறைகளில் வேலை செய்யும் நம்ம பிள்ளைகள், தெற்கில் பழைய படகு வாங்கி வைத்திருக்கும் ஒன்றிரண்டு பேர், அப்புறம் பக்கத்து டிவிஷன் ஆட்கள் என்று பலர் போனில் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

மலையில் இருந்துகொண்டு கடல் படகை எப்படிக் கவனிக்கிறீர்கள்?

பருவக்காற்று அதற்குத் தோதாகத்தான் அமைந்திருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை எங்கள் பக்கத்து மலையில் மழை ஓயாது. அதே மாதங்களில் கிழக்குக் கரையில் மழை குறைவு, நிலத்திலிருந்து கச்சான் காற்று அடிக்கும், கரையோரக் கடல் அடங்கி இருக்கும். அதுதான் எங்களுக்கு ஓடும் காலம். டிசம்பரில் வாடை தொடங்குமுன் படகைக் கட்டி, பாயை இறக்கி, கயிறுகளைக் கழற்றி மேலே அனுப்பிவிடுவான் மச்சான். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஹட்டன் பக்கம் காய்ந்து கிடக்கும், பாய் விரிக்கவும் தைக்கவும் அதைவிட நல்ல மாதங்கள் கிடையாது.

பாய் கிழிந்து கிடக்கிறது, பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் கம்பிகள் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கின்றன. கையில் ஒரு தொகை இருக்கிறது. முதலில் எதை மாற்றுவது?

கம்பியை. பாய் கிழிந்தால் இறக்கிவிட்டு எஞ்சினைப் போட்டுக் கரைக்கு வந்துவிடலாம். காற்று வரும் பக்கத்துக் கம்பி அறுந்தால் இரண்டு மூச்சு விடுவதற்குள் பாய்மரமே தண்ணீரில் கிடக்கும். விழுந்த மரம் அலையோடு ஆடி ஆடிப் படகின் பக்கத்தை இடிக்கும், ஓட்டை விழுந்தால் அப்புறம் பாயைப் பற்றிப் பேச ஆள் இருக்காது. எங்கள் வரிசை இதுதான்: முதலில் கம்பியும் அதைப் பிடித்திருக்கும் தகடுகளும், பிறகு இழுக்கிற கயிறுகள், அதற்குப் பிறகு பாய், கயிற்றைச் சுற்றி இழுக்கும் விஞ்ச் மாதிரிச் சாமான் எல்லாம் அதற்கும் பின்னால். பெரும்பாலானவர்கள் தலைகீழாகப் போகிறார்கள். முதலில் ஜிபிஎஸ் திரை வாங்குகிறார்கள், பிறகு மெத்தைக்கு உறை தைக்கிறார்கள், இருபது வருடக் கம்பியோடு கடலுக்குப் போகிறார்கள். அதைப் பார்க்கும்போது உண்மையாகவே பயமாக இருக்கிறது.

கம்பி பளபளவென்று இருக்கிறதே, அதை ஏன் மாற்ற வேண்டும்?

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பது மேலே படிந்திருக்கும் மெல்லிய ஒக்சைட் தோலால். அந்தத் தோல் அழிந்தால் திரும்ப வளரக் காற்று வேண்டும். கம்பியின் முனையை ஒரு குழாய்க்குள் விட்டு நசுக்கிப் பொருத்தியிருப்பார்கள், அதைத்தான் ஸ்வேஜ் என்கிறோம். அந்தக் குழாய்க்குள் உப்புத்தண்ணீர் போய்த் தங்கும், காற்று போகாது. வெளியே கண்ணாடி மாதிரி மின்னும், உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் கம்பி வழியே கீழேதான் வடியும் என்பதால் கீழ்முனைகள்தான் முதலில் போகும்.

மூன்றாவது வருடம் நாங்கள் பாய்மரத்தை இறக்கிப் படுக்க வைத்தோம். இடப்பக்கக் கீழ்க்கம்பியின் அடிமுனையில் தலைமுடி விழுந்திருக்கிறது என்று நினைத்துத் துடைத்தேன், போகவில்லை. நகத்தால் குறுக்கே இழுத்தால் லேசாகத் தட்டுப்பட்டது. வெல்டிங் வேலைக்காரர்கள் வெடிப்புப் பார்க்கப் பூசும் சிவப்புச் சாயத்தைப் போட்டுத் துடைத்து, வெள்ளைப் பவுடரைத் தெளித்தோம். குழாயின் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு ஊறி வந்தது. அதற்கு முந்திய மாதம்தான் அந்தக் கம்பியை நம்பி மச்சானுடைய பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புறாத்தீவு வரை போய் வந்தோம்.

நீங்களே பார்க்க வேண்டுமென்றால் பழைய பருத்தித் துணி ஒன்றைக் கம்பியைச் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழே இழுத்து வாருங்கள். கையைப் போடாதீர்கள், கிழித்துவிடும். 1×19 கம்பியில் நடுவில் 1, அதைச் சுற்றி 6, வெளியே 12 என்று பத்தொன்பது இழைகள் இருக்கும். ஒரு இழை அறுந்திருந்தாலும் மீன்முள் மாதிரி துணியில் மாட்டும். மாட்டினால் அந்தக் கம்பியை மட்டும் மாற்றி நிறுத்தாதீர்கள், எதிர்ப்பக்கத்து ஜோடிக்கும் அதே வயதுதான். பொதுவாக 10 முதல் 15 வருடம் என்பார்கள், நம்ம வெப்பத்துக்கும் உப்புக்கும் நான் 10 வருடக் கணக்குத்தான் வைத்திருக்கிறேன். படகு விற்றவர் வயது தெரியாது என்று சொன்னால் முழுவதையும் மாற்றுங்கள்.

செயின்பிளேட் என்பது என்ன? அதையும் கழற்றிப் பார்க்க வேண்டுமா?

கம்பியின் கீழ்முனையைப் படகின் உடலோடு பிடிக்கிற இரும்புத் தகடுதான் செயின்பிளேட். கழற்றித்தான் பார்க்க வேண்டும், வேறு வழி இல்லை. மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு போகிற அந்த ஒரு அங்குலம் கண்ணுக்குப் படாது, அரிப்பு பிடிக்கிற இடமும் அதுதான். படகுக்குள் அலுமாரிக்குப் பின்னால் தகட்டிலிருந்து பழுப்பாக ஒரு கோடு வடிந்திருந்தால் தளத்தில் ஒழுக்கு இருக்கிறது, தகட்டைப் பூட்டியிருக்கும் பலகையும் உக்கியிருக்கலாம், ஊசியால் குத்திப் பாருங்கள்.

எங்களுடையதில் ஆறில் இரண்டு பொட்டுப் பொட்டாக அரித்திருந்தன. ஆறையும் மாற்றினோம். ஹட்டனில் தேயிலை மெஷின் சாமான்களைக் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை ஒன்றில், பழைய தகட்டையே மாதிரியாகக் கொடுத்து, அதே தடிப்பில் 316 தர ஸ்டெயின்லெஸ் தகடு வெட்டி, துளை போட்டு வாங்கினோம். 304 தரம் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், 316-ல் மொலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்புக்கு அதிகம் தாங்கும். வெட்டின விளிம்பையெல்லாம் வழவழவென்று பொலிஷ் பண்ணச் சொல்லுங்கள், கீறல் இருக்கிற இடத்தில்தான் அரிப்பு உட்காரும். பழைய தகட்டையே பொலிஷ் பண்ணி மறுபடி பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் செய்யமாட்டேன்.

ஸ்வேஜ் மெஷின் இல்லாத ஊரில் கம்பி முனை போட முடியுமா?

முடியும். கையாலேயே பூட்டுகிற திருகு முனைகள் விற்கிறார்கள், இரண்டு ஸ்பேனர் போதும். கம்பியின் வெளி 12 இழைகளை லேசாகப் பிரித்து, நடுவில் இருக்கும் 7 இழைக்கு மேல் ஒரு சின்னக் கூம்பை ஏற்றி, பிரித்த இழைகளை அதன் மேல் பழையபடி முறுக்கி மூட வேண்டும். பிறகு தலையைத் திருகினால் இழைகள் கூம்புக்கும் சுவருக்கும் நடுவில் இறுகிவிடும். ஒருமுறை பூட்டிவிட்டுத் திரும்பக் கழற்றி, இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக மடிந்திருக்கின்றனவா என்று பாருங்கள், சரி என்றால் உள்ளே சீலன்ட் நிரப்பி மூடுங்கள். பத்து வருடம் கழித்துக் கூம்பை மட்டும் மாற்றி அதே முனையைத் திரும்பப் போடலாம், ஸ்வேஜில் அது நடக்காது.

எங்கள் அப்பா தோட்டத்துப் பெக்டரியில் பிட்டராக இருந்தவர். கொழுந்து மூட்டைகளைக் கம்பியில் தொங்கவிட்டு மலையிலிருந்து இறக்கிய காலத்தில் அந்தக் கம்பியைப் பார்த்து வந்தவரும் அவர்தான். முதல் முனையை நான் போட்டபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "கம்பி எந்தப் பக்கம் சுத்தியிருக்கோ அந்தப் பக்கமே போ, அதோட சண்டை போடாத" என்றார். அதைவிட நல்ல விளக்கம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

அளவெடுப்பதில் மட்டும் அவசரப்படாதீர்கள். நாங்கள் முதலில் ஒரு பட்டறைக்கு அளவு அனுப்பி வெட்டி வாங்கினோம். கம்பியை இறுக்கும் திருகான டேர்ன்பக்கிள் எவ்வளவு திறந்திருக்கும்போது எடுத்த அளவு என்று நானும் எழுதவில்லை, அவர்களும் கேட்கவில்லை, ஒரு கம்பி 4 சென்டிமீற்றர் குட்டையாக வந்து வீணாகப் போனது. டேர்ன்பக்கிளைப் பாதிக்குத் திறந்து வைத்து, ஊசித் துளையின் நடுவிலிருந்து ஊசித் துளையின் நடு வரை அளந்து, இரண்டு பேர் தனித்தனியாக எழுதிவிட்டு ஒப்பிடுங்கள்.

கம்பிக்குப் பதிலாக டைனீமா என்கிற பலமான செயற்கை இழைக் கயிறு போட்டுவிடலாமா?

பலம் போதும். ஒரே தடிப்பில் ஸ்டீலைவிட அதிகம் தாங்கும், எடையோ கொஞ்சம்தான். ஆனால் நிரந்தரப் பாரத்தில் மெதுவாக நீண்டுகொண்டே போகும், கூர் விளிம்பில் உரசினால் சீக்கிரம் போய்விடும், வெயிலும் அதைத் தின்னும். அதனால் அறுபடுகிற பாரத்தைப் பார்த்து அளவு எடுக்கக் கூடாது, நீளாமல் இருக்க எவ்வளவு தடிப்பு வேண்டும் என்று பார்த்து எடுக்க வேண்டும். முடிச்சுப் போட்டால் பாதிப் பலம் போய்விடும், பின்னித்தான் கண்ணி போட வேண்டும். பக்கத்திலேயே இருந்து மாதம் ஒருமுறை கை வைத்துப் பார்க்க முடிகிறவர்கள் தாராளமாகப் போடுங்கள். நான் இருநூறு கிலோமீற்றருக்கு மேல் தள்ளி இருக்கிறேன், அதனால் பாய்மரத்துக்கு ஸ்டீல்தான். ஓரத்துப் பாதுகாப்புக் கயிறுகளை மட்டும் டைனீமாவாக மாற்றினோம்.

கம்பியை எவ்வளவு இறுக்குவது? அளக்கும் கருவி இல்லை.

அளவு நாடாவே போதும். கம்பி தளர்வாக இருக்கும்போது அதன் மேல் சரியாக 2 மீற்றர் அளந்து, மேலே ஒரு முனையை டேப் போட்டு ஒட்டி, கீழே ஒரு அடையாளம் வையுங்கள். இறுக்க இறுக்கக் கம்பி நீளும். 1×19 கம்பியில் 2 மீற்றருக்கு 1 மில்லிமீற்றர் நீண்டால் அறுபடும் பாரத்தில் 5 சதவீதம் ஏறியிருக்கிறது என்று கணக்கு. எங்கள் 6 மில்லிமீற்றர் கம்பி சுமார் 3 தொன் தாங்கும், பக்க மேல்கம்பிக்கு 3 மில்லிமீற்றர் வரை, அதாவது 15 சதவீதம், இறுக்கியிருக்கிறோம். இரண்டு பக்கமும் மாறி மாறி, அரைச் சுற்று அரைச் சுற்றாகப் போங்கள். பிறகு பாய் போட்டு ஓட்டிப் பாருங்கள்: படகு 20 பாகை சாயும்போது காற்று மறைவுப் பக்கத்துக் கம்பி தொளதொளவென்று ஆடக் கூடாது. முடிந்ததும் எல்லா டேர்ன்பக்கிளிலும் பூட்டு ஊசி போட மறக்காதீர்கள்.

பாய் போய்விட்டது என்று எப்படித் தெரியும்? தைத்தால் போதுமா?

துணியும் நூலும் ஒரே நேரத்தில் சாவதில்லை. நூல்தான் முதலில் போகும், ஏனென்றால் அது துணிக்கு மேலே துருத்திக்கொண்டு முழு வெயிலையும் வாங்குகிறது. கட்டைவிரல் நகத்தால் தையலை அழுத்திச் சுரண்டுங்கள், நூல் பொடிந்தால் அந்த வரிசை முழுவதையும் திரும்பத் தைக்க வேண்டும். அப்புறம் பாயின் ஓரத்தில், அதிகம் வெயில் பட்ட இடத்தில், ஊசியைக் குத்திப் பக்கவாட்டில் இழுங்கள். துளை அப்படியே நின்றால் துணி இருக்கிறது, காகிதம் மாதிரி கிழிந்தால் தையல் காசு வீண்.

இதையெல்லாம் தாண்டியும் பாய் வயிறு தள்ளிப் போயிருக்கலாம். ஓட்டும்போது பூமுக்கு, அதாவது பெரிய பாயின் அடிவிளிம்பைப் பிடிக்கும் கட்டைக்கு, கீழே நடுவில் படுத்து மேலே பார்த்து ஒரு படம் எடுங்கள். பாயின் ஆழமான வளைவு முன்விளிம்பிலிருந்து 40, 45 சதவீதத்தில் இருந்தால் நல்ல பாய். பாதிக்கும் பின்னால் போயிருந்தால் அது படகைச் சாய்க்குமே தவிர முன்னால் தள்ளாது, சுக்கானும் கையை இழுத்துக்கொண்டே இருக்கும். படகு கிழடாகிவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த பல குறைகள் புதுப் பெரிய பாய் போட்ட அன்றே காணாமல் போயின.

வீட்டுத் தையல் மெஷினில் பாய் தைக்கலாமா?

தைக்கலாம், ஆனால் வளைந்து வளைந்து போகிற ஸிக்ஸேக் தையல் வேண்டும். பாய் இழுபடும்போது நேர்த்தையல் நூல் இடம் கொடுக்காமல் அறுந்துவிடும். எங்கள் லயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டெயிலர் அக்காவிடம் ஸிக்ஸேக் போடும் மெஷின் ஒன்று இருந்தது. 18-ம் நம்பர் ஊசி, வெயில் தாங்கும் பொலியெஸ்டர் நூல், இரண்டு பக்கமும் ஒட்டும் டேப், இவ்வளவுதான் வாங்கினோம். பாயைச் சுருட்டி மெஷினின் கைக்கு அடியில் நுழைப்பதுதான் பெரிய பாடு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்தோம். மூன்று நான்கு மடிப்பு வருகிற இடத்தில் அக்கா மோட்டரை நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றி ஒவ்வொரு குத்தாக இறக்கினார். மூலைகளில் எட்டுப் பத்து மடிப்பு இருக்கும், அங்கே கையால்தான். லொறிப் படங்கு தைக்கிறவர்கள் உள்ளங்கையில் தோல் பட்டை கட்டிக்கொண்டு ஊசி தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே முறைதான்.

பாயைக் கழுவுவது எப்படி? பூஞ்சணம் பிடித்திருக்கிறது.

நல்ல தண்ணீர், மென்மையான சவர்க்காரம், மெதுவான பிரஷ். வாஷிங் மெஷின் வேண்டவே வேண்டாம், துணியில் ஏற்றியிருக்கும் பிசின் உடைந்து பாய் பழந்துணியாகிவிடும். எங்கள் பெரிய பாய் 9.5 மீற்றர் உயரம், 3 மீற்றர் அடி. வீட்டில் அதை விரிக்க இடமில்லை, தோட்டத் தலைவரிடம் கேட்டுக் கோயில் மண்டபத்தில் விரித்துக் கழுவினோம். கறுப்புப் புள்ளிகளுக்கு நன்றாகத் தண்ணீர் கலந்த ப்ளீச்சை டெக்ரோனில், அதாவது பொலியெஸ்டர் பாய்த்துணியில், மட்டும் போடலாம், உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். நைலோன் பாயில் ஒரு சொட்டும் படக் கூடாது.

மலைநாட்டில் இரண்டு விஷயம் தனியாகக் கவனிக்க வேண்டும். ஒன்று, இங்கே வெயில் சுடவில்லை என்று பாயை நாள் முழுக்கக் காயப் போடாதீர்கள். உயரம் 1000 மீற்றர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், ஹட்டன் 1200 மீற்றருக்கு மேலே இருக்கிறது. நிழலில் காற்றாடக் காய வையுங்கள். இரண்டாவது மூடுபனி. காய்ந்த பாயும் இரவில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், மத்தியான வேளையில் மடித்துப் பையில் போட்டு, மண்தரையில் வைக்காமல் எலி ஏறாத இடத்தில் தொங்கவிடுங்கள்.

புதுப் பாய் செய்விக்கிறோம். என்ன துணி, என்ன வெட்டு?

சும்மா நெய்த டெக்ரோன், துணிப் பட்டைகளைக் குறுக்காக வைத்துத் தைக்கிற குறுக்கு வெட்டு. ஓட்டப் பந்தயத்துக்குப் போகிற பல அடுக்கு ஒட்டுத் துணி நம்ம ஈரத்தில் அடுக்குகளுக்கு நடுவே பூஞ்சணம் பிடித்து உரிந்துவிடும். 28 அடிக்கு சதுர மீற்றருக்கு 300 கிராம் அளவு துணி போதும். ரீஃப், அதாவது காற்று ஏறும்போது பாயைக் குறைக்கிற வரிசை, இரண்டு கட்டாயம் கேளுங்கள், இரண்டாவதை வழக்கத்தைவிட ஆழமாகப் போடச் சொல்லுங்கள். எல்லாத் தையலுக்கும் மூன்று வரிசை கேளுங்கள், அதற்குக் கூடுகிற காசு கொஞ்சம்தான். பழைய பாயை அளந்து அதே அளவில் கேட்காதீர்கள், அது ஏற்கெனவே நீண்டு போயிருக்கும்; பாய்மரத்தையும் பூமையும் அளந்து கொடுங்கள்.

கழித்துப் போட்ட பாய் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். பெரிய பாய் வேண்டாம், முன்பாய் என்றால் மேலே சொன்ன நகச் சோதனையும் ஊசிச் சோதனையும் செய்துவிட்டு வாங்கலாம்.

கயிறுகள்? மீன்பிடிச் சாமான் கடையில் இருக்கிறதைப் போட்டால் போதாதா?

நீலம், பச்சை நிறத்தில் வருகிற பொலிப்ரொப்பிலீன் கயிறு வெயிலில் மாவாகிவிடும், பாய்க்கு வேண்டாம். நைலோன் நீளும், நங்கூரத்துக்கு அது நல்லது, பாயை ஏற்றும் கயிற்றுக்கு அதுவே கெடுதல். ஏற்றும் கயிறு நீண்டால் பாயின் முன்விளிம்பு சுருங்கி வயிறு பின்னால் போய்விடும். இரட்டைப் பின்னல் பொலியெஸ்டர் 10 மில்லிமீற்றர் எங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

பழைய படகுகளில் ஏற்றும் கயிறு பாதிக் கம்பி, பாதிக் கயிறாக இருக்கும். முழுக் கயிறாக மாற்றுவது நல்லதுதான், ஆனால் பாய்மர உச்சியில் இருக்கும் கப்பியையும் பாருங்கள். கம்பிக்கென்று வெட்டின கூர்ப்பள்ளத்தில் கயிறு ஓடினால் ஒரே வருடத்தில் உரிந்துவிடும், வட்டப்பள்ளக் கப்பி போட வேண்டும். புதுக் கயிற்றைப் பழையதோடு இணைத்து இழுக்கும்போது டேப்பை மட்டும் நம்பாதீர்கள், முனையோடு முனை வைத்து ஊசி நூலால் தையுங்கள். எங்களுக்கு டேப் உச்சியில் கழன்று, மச்சான் பாய்மரத்தில் ஏற வேண்டியதாயிற்று.

விஞ்ச் இறுகிப் போயிருக்கிறது, மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் கழுவினால் போதும். கழற்றும்போது சுற்றிலும் ஒரு பெட்டி வையுங்கள், சின்ன ஸ்பிரிங் கடலில் குதித்துவிடும். பல்லுச் சக்கரத்துக்குக் கொஞ்சம் கிரீஸ், உள்ளே தட்டித் தட்டிப் பிடிக்கும் நாக்குகளுக்கு எண்ணெய் மட்டும். நாக்கில் கிரீஸ் போட்டால் ஒட்டிக்கொண்டு பிடிக்காமல் விட்டுவிடும், கைப்பிடி திரும்பிச் சுழன்று கையை உடைக்கும்.

முன்பாயைச் சுருட்டும் பேர்லர் பாதியில் நின்றுவிடுகிறது. புதியது வாங்கவா?

முதலில் மேலே பாருங்கள். ஏற்றும் கயிறு முன்கம்பிக்கு இணையாகப் போனால் சுருட்டும்போது கம்பியையே சுற்றிக்கொள்ளும், பலமாக இழுத்தால் முன்கம்பியின் இழைகள் பிரிந்துவிடும். கயிறு மேல்முனையிலிருந்து பத்துப் பாகை அளவு பின்னோக்கி விலகிப் போகும்படி வழிகாட்டி ஒன்று வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நிற்கிற நேரத்தில் ஒருபோதும் விஞ்ச் போட்டு இழுக்காதீர்கள்.

தைத்த பாயை காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சோதிக்கலாமா?

சின்னப் படகு இருந்தால், அனுமதி கேட்டுக்கொண்டு, செய்யலாம். ஆனால் நீர்த்தேக்கத்துக் காற்று மலை இடுக்குகளிலிருந்து திடீர் திடீரென்று இறங்கும், ஒரு நிமிடம் ஒன்றுமிருக்காது, அடுத்த நிமிடம் கவிழ்த்துவிடும். கடல் பாயின் வடிவத்தை அங்கே படிக்க முடியாது. உயிர்காப்பு அங்கி இல்லாமல் இறங்காதீர்கள், தண்ணீர் குளிர்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு, வெள்ளைக்காரர் வேலை அல்லவா?

வல்வெட்டித்துறையில் நம்ம ஆட்கள் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-ல் தமிழ் மாலுமிகளோடு அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தோட்டத்தில் வெல்டிங், பிட்டர் வேலை, தையல், கம்பி வேலை தெரிந்த எத்தனை கைகள் சும்மா இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். பாய்ப்படகுக்கு வேண்டியது அந்தக் கைகள்தான்.

பாயைத் திரும்பக் கீழே எப்படி அனுப்புகிறீர்கள்?

சித்திரைப் புத்தாண்டு முடிந்த வாரம், நுவரெலியாவிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் மரக்கறி லொறியில். மச்சான் தம்புள்ளையில் வந்து எடுத்துக்கொள்வான். பாய்க்குள் செருகும் நீளச் சட்டங்களைத் தனியாகக் கட்டி லொறியின் பக்கவாட்டில் போடச் சொல்லுங்கள். பாயை மடிக்காமல் உருளையாகச் சுருட்டிப் படங்கில் கட்டி, பெயர் எழுதி, மூட்டைகளுக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள். கெரட் மூட்டைக்கு அடியில் போனால் ஈரமும் மண்ணும் ஏறி, தம்புள்ளையில் திரும்பவும் கழுவ வேண்டி வரும்.